குச்சிக்கொம்பன்

சான் தியோபிலோ பண்ணை, தெற்கு டெக்சஸ்
6 செப்டம்பர் 1999

அம்பாரோ,

ஈஸ்டருக்குச் சண்டை போட்டதிலிருந்து நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போன் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் எடுத்தால் அவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, கவனிக்காதவர் போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால்தான் கடிதம். ஒன்பதாம் வகுப்போடு நின்ற உன் அக்காவின் கையெழுத்து. பொறுத்துக்கொள்.

நேற்று முதலாளி ஸ்ட்ரௌட் ஹூஸ்டனிலிருந்து வந்திருந்தார். நான் மான்களுக்குச் சோளம் தூவும் பீப்பாய்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். வண்டியை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"நியேவெஸ், உன் தங்கச்சி படிப்ப முடிச்சதும் இங்கயே வந்துரட்டுமே. மான் மேலாளர்னு ஒரு வேலை போட்டுரலாம்னு பாக்கறேன். வேட்டைக்கு வர்ற விருந்தாளிங்க கேக்கறாங்க, பட்டம் வாங்கின ஆளு யாரும் இல்லையான்னு."

"அந்த வேலைய இப்ப யாரு சார் பாக்கறா?"

"நீதான். ஆனா நீ சும்மா பாத்துக்கறே. அது வேற."

அது வேறுதான். அப்பாவின் இடுப்பு உடைந்த நாளிலிருந்து எந்த மான் கிடா இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று சொல்வது நான். கொம்பு சரியில்லாததைச் சுட்டுக் களையெடுப்பதும், நல்ல கொம்புக்காரன் மட்டும் குட்டி போடட்டும் என்று காத்திருப்பதும் நான். ஐந்து வருடம் முன்னால் உன் பேராசிரியர் வந்து பண்ணைக்கு நடுவே வேலி போட்டார். "கிழக்குக் காட்டுல நீங்க களையெடுங்க, மேற்குக் காட்டுல கைய வைக்காதீங்க. கொம்புல வித்தியாசம் வருதான்னு பாப்போம்" என்றார். அன்றைக்கே பாதிக் காடு என் கையை விட்டுப் போயிற்று. மீதிப் பாதியை இப்போது நீ எடுத்துக்கொள்ளப் போகிறாயா?

உன் பட்டமளிப்புப் படம் டிவி மேல் இருக்கிறது. தூசி துடைப்பது நான்தான்.

அக்டோபரில் மான் பிடிக்க ஹெலிகாப்டர் வருகிறது. நீயும் வருவாய் என்று தெரியும். பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட தொப்பியோடு மட்டும் வராதே. போன தடவை அப்பா அதைத் தன் தலையில் வைத்துக்கொண்டு பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்விட்டு வந்தார். பெட்ரோல் போடவில்லை.

நியேவெஸ்


கிங்ஸ்வில்
19 செப்டம்பர் 1999

அன்புள்ள அக்கா,

எழுதி எழுதிக் கிழித்துவிட்டு இதை அனுப்புகிறேன்.

முதலாளி அந்த வேலையைப் பற்றி என்னிடமும் சொன்னார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இப்படிப்பட்டவர்கள் எதிரே வந்தால் எனக்கு வாய் திறக்காது, உனக்குத் தெரியுமே. தலையை ஆட்டினேன். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். அந்த வேலை எனக்கு வேண்டுமா என்றால், வேண்டும். பொய் சொல்ல மாட்டேன்.

இங்கே என்னோடு படிப்பவர்கள் "எங்க பண்ணை" என்று சொன்னால் அது நிஜமாகவே அவர்களுடைய பண்ணை. வந்த புதிதில் நானும் "எங்க பண்ணை" என்றேன். எத்தனை ஏக்கர் என்று ஒருவன் கேட்டான். அன்றிலிருந்து "நாங்க இருக்கிற பண்ணை" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். நாள் முழுக்க மான்களின் காதுத் துண்டுகளைக் குழாய்களில் போட்டு மரபணு எடுக்கிறேன். எந்தக் குட்டிக்கு எந்தக் கிடா தகப்பன் என்று கண்டுபிடிப்பதுதான் என் ஆராய்ச்சி. யாரோடும் பேசத் தேவையில்லாத வேலை. அதனால் எனக்குப் பிடித்திருக்கிறது.

உனக்கு என் மேல் பொறாமை என்று உன் கடிதத்தின் எல்லா வரியும் சொல்கிறது. நான் ஒன்று சொல்லட்டுமா? அப்பாவின் பிக்கப் வண்டியில் அவருக்குப் பக்கத்து இடம் எப்போதும் உன்னுடையது. காலையில் நீங்கள் கிளம்பும்போது நானும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு படியில் நிற்பேன். "நீ போய்ப் படி கண்ணு" என்பார். திரும்பி வரும்போது இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டே இறங்குவீர்கள். என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்லடி, ஒரு காட்டுப்பன்னி" என்பாய். அந்தக் காட்டுப்பன்றி என்ன செய்தது என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஒரு உதவி கேட்கிறேன். இரண்டு வருடம் முன்பு மேற்குக் காட்டில் பிடித்த அறுபத்தொன்றாம் எண் மான் உனக்கு நினைவிருக்கிறதா? ஒன்றரை வயதுக் கிடா. தலையில் இரண்டு குச்சிகள்தான். அப்பாகூட, "இது கொம்பா, பல்லு குத்தற குச்சியா?" என்றார். நான் முதன்முதலில் மடியில் தலையைப் பிடித்துக்கொண்ட மான் அது. கண்ணைக் கட்டியிருந்தது, மூச்சு என் மணிக்கட்டில் பட்டுக்கொண்டிருந்தது. நான்தான் அதன் காதில் எண் போட்ட மஞ்சள் வில்லையை மாட்டினேன். அந்தக் குளிர்காலமே அது வேலியைத் தாண்டி உன் பக்கம் வந்துவிட்டதாக அப்பா சொன்னார். இந்த முறை வலையில் சிக்கினால் விட்டுவிடு, அக்கா. ஆராய்ச்சிக்காகக் கேட்கவில்லை. எனக்காக.

அம்பாரோ


சான் தியோபிலோ
2 அக்டோபர் 1999

அம்பாரோ,

முடியாது.

ஒன்றரை வயதில் கொம்பு கிளை விடாமல் வெறும் குச்சி என்றால் போக வேண்டியதுதான். மூன்றரை வயதுக்கு எட்டுக் கிளை போதும். நாலரை ஆகிவிட்டால் ஒன்பது வேண்டும். இதுதான் கிழக்குக் காட்டு விதி. தங்கைக்குப் பிடித்த மான் என்று ஒரு விதி அதில் கிடையாது. மேற்குக் காட்டை எடுத்துக்கொண்டீர்கள் அல்லவா? அறுபத்தொன்றை அங்கேயே இருக்கச் சொல்லியிருக்க வேண்டியது.

கால் கோணிய ஆட்டுக் கிடாயை யாராவது மந்தையில் விட்டு வைப்பார்களா? நீங்கள் குழாயில் போட்டுப் பார்ப்பதை எங்கள் ஆட்கள் கண்ணால் பார்த்தார்கள். களையெடுப்பதால் பலன் இல்லை என்று எழுதப் போகிறாய் என்றால், முதலில் தண்ணீர்த் தொட்டிக்கு வரும் ஒரு குட்டியை வந்து பார். ஒன்றரை வயதுதான் ஆகிறது, இப்போதே எட்டுக் கிளை! கருவேலம் புதருக்குள்ளிருந்து தலையை நீட்டினால் அதுவே ஒரு சின்ன மரம். இளவரசன் என்று பெயர் வைத்திருக்கிறேன். நான் களையெடுத்ததன் பலன் அவன். ஸ்ட்ரௌட்டிடம் காட்டினேன். வாயைத் திறந்தபடி பார்த்தார். இதை உன் ஆராய்ச்சியில் எழுது.

அப்பாவின் கண் தப்பாது. மானை மட்டும் சொல்லவில்லை. ஒன்பதாவதில் நான் கணக்கில் தோற்ற அன்று என் மதிப்பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவளுக்கு ஏறாது. சின்னவளுக்கு ஏறும்" என்றார். அடுத்த சனிக்கிழமை எனக்குப் பூட்ஸ் வாங்கி வந்தார். நல்ல பூட்ஸ். சந்தோஷமாகத்தான் மாட்டிக்கொண்டேன். அவர் பார்த்தது சரியாகத்தானே போயிற்று? நீ அங்கே இருக்கிறாய், நான் இங்கே இருக்கிறேன்.

பண்ணை வீட்டில் உனக்குப் படுக்கை போட்டு வைக்கிறேன். உன் ஆட்களோடு விடுதியில் தங்கினாலும் சரி.

நியேவெஸ்


கிங்ஸ்வில்
30 அக்டோபர் 1999

அன்புள்ள அக்கா,

மூன்று நாள் உன் பக்கத்திலேயே இருந்தேன். நீ என்னோடு பேசியது மான்களின் வயதைக் கேட்க மட்டும்தான்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு வேறு என்ன தெரியும்? ஹெலிகாப்டர் வலையோடு தூக்கி வந்து இறக்கும் ஒவ்வொரு மானையும் ஆட்கள் பாயில் கிடத்துவார்கள். நான் மண்டியிட்டு, வாயைக் கட்டையால் திறந்து, டார்ச் அடித்துக் கடைவாய்ப் பற்களின் தேய்மானத்தைப் பார்த்து வயது சொல்வேன். ஒருவன் கொம்பை அளப்பான். நீ பெல்ட்டில் கையை வைத்துக்கொண்டு நிற்பாய். உன் கட்டைவிரல் கேட்டைக் காட்டினால் மான் ஓடிவிடும். கருவேல மரத்தைக் காட்டினால் அங்கே கொண்டுபோய்ச் சுட்டுவிடுவார்கள். பேராசிரியர்கூட உன் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விரலின் மேல் எனக்கு எவ்வளவு பொறாமை என்று உனக்குத் தெரியாது.

ஒவ்வொரு முறையும், "டாக்டரம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டாய். ஆட்கள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் காது கிழிந்த ஒரு கிடா வந்ததே, எட்டுக் கிளையோடு, அதற்கும் அப்படியே கேட்டாய்.

"நாலரை" என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயம்."

"அப்ப சரி. ஒரு கிளை கம்மி."

கட்டைவிரல் மரத்தைக் காட்டியது. "அடப்பாவமே, ஒரே ஒரு கிளை" என்று அப்பா உச்சுக்கொட்டினார். மற்ற மான்களை நீ தொடவே இல்லை. அதன் நெற்றியில் மட்டும் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தாய். ஏன் என்று அப்போதே கேட்க நினைத்தேன். ஆட்கள் சிரிப்பார்கள் என்று கேட்கவில்லை.

அறுபத்தொன்று இந்த முறையும் சிக்கவில்லை. பக்கத்துப் பண்ணைக்குப் போயிருக்கும். எங்கேயோ இருக்கட்டும்.

கடைசி நாள் வேலை முடிந்ததும் அப்பா பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றினார். முதல் கோப்பையை என்னிடம் நீட்டினார். நான் வாங்குவதற்குள், "உங்கக்காகிட்ட குடு, காலையிலேர்ந்து நின்னுட்டே இருக்கா" என்றார். நான் காலையிலிருந்து மண்டியிட்டிருந்தேன்.

அம்பாரோ


சான் தியோபிலோ
20 டிசம்பர் 1999

அம்பாரோ,

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை என்று அப்பாவிடம் போனில் சொன்னாயாம். சரி. தமாலே செய்தேன், பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். இலையோடு அப்படியே ஆவியில் வை. அடுப்பில் நேராக வைத்துக் கருக்கிவிடாதே. சோளமாவுக்குள் வைத்த கறி எல்லாம் அந்தக் கிழிந்த காதுக்காரனின் தொடை. மற்றவற்றின் கறியை வழக்கம் போல ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டேன்.

இளவரசனை அக்டோபரில் காதில் வில்லை மாட்டி விட்டோமே, ஸ்ட்ரௌட் அவனுடைய படத்தைப் பெரிதாக்கித் தன் அலுவலகத்தில் மாட்டியிருக்கிறாராம். பிப்ரவரி முதல் வாரம் வருகிறார். களையெடுப்பைத் தொடர்வதா நிறுத்துவதா, யாரை மேலாளராகப் போடுவது, இரண்டையும் அன்றைக்கு முடிவு செய்வதாகச் சொன்னார். நான் இளவரசனைக் காட்டுவேன். நீ உன் குழாய்களைக் காட்டு.

அப்பா உன்னைத் தேடுகிறார். என்னிடம் சொல்ல மாட்டார். டிவி போடாமல் டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நியேவெஸ்


கிங்ஸ்வில்
17 ஜனவரி 2000

அக்கா,

தமாலே நன்றாக இருந்தது. ஒன்று விடாமல் தின்றேன்.

காதுத் துண்டுகளின் சோதனை முடிந்துவிட்டது. கிழிந்த காதுக்காரன்தான் அறுபத்தொன்று. வில்லையை எங்கோ முள்ளில் பிய்த்துக்கொண்டிருக்கிறான். இரண்டு வருடம் முன்பு நானே எடுத்த காதுத் துண்டோடு அப்படியே பொருந்துகிறது. அப்படியென்றால் அவனுக்கு வயது நாலரை இல்லை, மூன்றரை. இரண்டு வருடமாக மழை இல்லை. தரையோடு தரையாகப் புல்லை மேய்ந்து, மண்ணையும் சேர்த்து மென்று பல் தேய்ந்திருக்கிறது. வறட்சிக் காலத்தில் பல்லை நம்பக் கூடாது என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். மூன்றரை வயதுக்கு எட்டுக் கிளை போதும். உன் விதிப்படியே அவன் கேட் வழியாக ஓடியிருக்க வேண்டியவன்.

இன்னொன்றும் இருக்கிறது. இளவரசனின் தகப்பன் யார் என்றும் பார்த்தேன். அறுபத்தொன்றுதான், அக்கா. குச்சிக் கொம்போடு, ஒன்றரை வயதில், வேலியைத் தாண்டி வந்த அந்தக் குளிர்காலத்தில் பெற்ற குட்டி. உன் கண்ணில் பட்டிருந்தால் அப்போதே மரத்தடிக்கு அனுப்பியிருப்பாய். களையெடுத்ததால் பிறந்தவன் இல்லை இளவரசன். களையெடுக்கத் தவறியதால் பிறந்தவன்.

இது தெரிந்தவுடன் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதையும் சொல்லிவிடுகிறேன். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். உன் முகம் எப்படி ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். பிறகு பாயில் கிடந்த அந்த நெற்றியும் உன் கையும் நினைவுக்கு வந்தன, சிரிப்பு போய்விட்டது.

மொத்தக் கணக்கும் இப்படித்தான் வருகிறது. களையெடுத்த காட்டிலும் எடுக்காத காட்டிலும் கொம்புகள் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. மழை பெய்தால் இரண்டிலும் பெரிதாகின்றன, பெய்யாவிட்டால் இரண்டிலும் சிறுக்கின்றன. எந்தக் கிடாவும் தனியாக நிறையக் குட்டிகளைப் பெற்றுவிடவில்லை. பாதியைக் கொடுப்பது தாய். அவள் தலையில் கொம்பு இல்லை, அவளிடம் என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. நாம் சுடுவதற்கு முன்பே சின்னக் கிடாக்கள் தங்கள் வேலையை முடித்துவிடுகின்றன. ஒன்றரை வயதில் வெறும் குச்சியோடு நின்றவற்றில் பல, விட்டு வைத்தால், நாலைந்து வயதில் மற்றவற்றை எட்டிப் பிடித்துவிடுகின்றன.

பேராசிரியர் இதை பிப்ரவரி இறுதியில்தான் முதலாளிக்கு அனுப்புவார். உனக்கு மட்டும் முன்கூட்டி எழுதுகிறேன். உன்னைக் காப்பாற்றவா, குத்திக்காட்டவா என்று எனக்கே தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு உனக்குத் தெரியுமா, அது அவன்தான் என்று?

அம்பாரோ


சான் தியோபிலோ
9 பிப்ரவரி 2000

அம்பாரோ,

தெரியும். வலையைப் பிரித்தபோதே தெரியும். தொண்டையில் அந்த இரட்டை வெள்ளைப் பட்டையோடு இரண்டு வருடமாகத் தண்ணீர்த் தொட்டியில் பார்த்த கிடா. எனக்குத் தெரியாதா? முதலில் பார்த்தபோது காதில் உன் வில்லை, தலையில் குச்சி உதிர்ந்த மொட்டை; பிறகு நாலு கிளை, பிறகு எட்டு. கணக்கு எனக்கும் வரும்.

நீ நாலரை என்றாய். நிச்சயமா என்று கேட்டேன். நீ ஒரு தடவை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன். நீ பல்லைப் பார்த்தபடியே "நிச்சயம்" என்றாய். இந்த வீட்டில் யாருக்கும் இல்லாத ஒரு குரலில். சரி, பட்டம் வாங்கியவள் எல்லார் முன்னாலும் தப்புச் செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். நாம் இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் அவனைச் சுட்டோம். அதனால்தான் அந்தக் கறியை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. இப்போது உனக்குப் பதில் கிடைத்துவிட்டதா?

உன் கடிதத்தை வைக்கோல் கொட்டகையில் நின்று படித்தேன். இளவரசனைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் கடிதத்தைக் கசக்கினேன். பிறகு பிரித்துக் கடைசி வரை படித்தேன். ஒன்றரை வயதில் குச்சியோடு நின்றவை எட்டிப் பிடித்துவிடும் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரிதான் என்னை விடவே இல்லை. அது சரி என்றால் நான் இத்தனை வருடம் செய்த வேலை வீண். அது தப்பு என்றால் அப்பா என் அட்டையைப் பார்த்துச் சொன்னது சரி. எதை விரும்புவது என்று தெரியாமல் போய் வேலியைப் பழுது பார்த்தேன். பழுதே இல்லாத இடத்தையும் பழுது பார்த்தேன்.

ஸ்ட்ரௌட் வெள்ளிக்கிழமை வந்தார். அவர் வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன்.

"சார், இனிமே சின்னக் கிடாய சுட வேணாம். வயசாகட்டும் விட்டுருவோம். மழை பாத்து சோளம் போடுவோம், பெண்மான் அதிகமாயிட்டா அத கொறைப்போம். கொம்பு தானா வரும்."

"யாரு, உன் தங்கச்சி சொன்னாளா?"

"நான் சொல்றேன். உங்க ஆபீசுல மாட்டியிருக்கீங்களே இளவரசன், அவன் அப்பன் வெறும் குச்சிக்கொம்பன். அவன அப்பவே சுட்டிருந்தா இவன் ஏது?"

ஸ்டியரிங்கில் ஒரு தட்டு தட்டினார். "அட, இத நம்ம விருந்தாளிங்ககிட்ட சொன்னா அசந்துருவாங்களே! உன் கண்ணு கண்ணுதான் நியேவெஸ். பட்டம் கிடக்குது போ."

வேலை எனக்குத்தான். கேட்டில் என் பெயரோடு பலகை வைக்கப் போகிறார்களாம். மாதக் கடைசியில் உங்கள் அறிக்கை வரும்போது, "இத எங்க நியேவெஸ் முன்னாடியே சொல்லிட்டா" என்று சொல்லுவார். உன் வேலையை எடுத்துக்கொண்டேன், உன் படிப்பிலும் ஒரு பிடி எடுத்துக்கொண்டேன். திருப்பிக் கொடுக்க மாட்டேன். நீ பொறாமைப்படு. இந்த ஒரு தடவை உன் முறை.

பதிலுக்கு உனக்கு அந்தக் காட்டுப்பன்றியைத் தருகிறேன். அப்பா சப்பாத்திக்கள்ளிக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தார். ஒரு பன்றி வந்து அவருடைய தொப்பியைக் கவ்விக்கொண்டு போயிற்று. அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே அதன் பின்னால் ஓடினார். அவ்வளவுதான். இதற்குத்தான் இத்தனை வருடமாக ஏங்கியிருக்கிறாய்.

நேற்று சாப்பாட்டு மேஜையில் அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். ஸ்ட்ரௌட்டிடம் சொன்னது போலச் சொல்லவில்லை. யார் கண்டுபிடித்தது என்றும் சேர்த்தே சொன்னேன்.

"அம்பாரோ எழுதியிருக்காப்பா. ஒன்றரை வயசுக் கொம்பப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாதாம். விட்டு வச்சா பலதும் எட்டிப் புடிச்சிருமாம்."

அவர் டோர்ட்டியா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கை நின்றது. உன் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், ரொம்ப நேரம். காலில் கிடந்த பூட்ஸ் வரைக்கும் பார்த்தார்.

"மானுக்குத்தானே சொல்றா?" என்றார்.

"மானுக்குத்தான்ப்பா" என்றேன்.

நியேவெஸ்